திருகைக்கல்லின் ஓசை
(விவிலியக் கால யூதக் கிராமப் பெண்களின் அன்றாட வாழ்க்கை)

பத்தாம் வகுப்பு மாணவி

கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: "நாசரேத்தூரில் மாதா காலை முதல் மாலை வரை என்ன செய்திருப்பார்?" நான் முந்திக்கொண்டு எழுந்து, "ஜெபம் செய்திருப்பார், சிஸ்டர்" என்றேன். சிஸ்டர் புன்னகை செய்தார். "ஜெபம் செய்திருப்பார், சரிதான். அப்படியானால் மாவு அரைத்தது யார்?" என்று திருப்பிக் கேட்டார். வகுப்பே சிரித்துவிட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பீடத்தில் நாம் காணும் மாதாவின் சுரூபத்தில் நீல மேலாடை இருக்கும். மலர் போன்ற மென்மையான கரங்கள் குவிந்திருக்கும். அந்தக் கரங்கள் மாவு அரைத்தவை, விறகு சுமந்தவை, துணி நெய்தவை என்று நான் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. விவிலியத்தை மறுபடியும் புரட்டினேன். நூலகத்தில் கிடைத்த நூல்களையும் படித்தேன். அப்படித் தெரிந்துகொண்டவற்றை என் தோழியரோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்தக் காலம்? எந்த ஊர்?

விவிலியக் காலம் என்பது ஓராண்டோ நூறாண்டோ அன்று. ஏறக்குறைய கி.மு. 1200-இல் இஸ்ரயேல் மக்கள் கானான் நாட்டு மலைப்பகுதியில் சிற்றூர்கள் அமைத்து வாழத் தொடங்கிய காலம் முதல், கி.பி. முதல் நூற்றாண்டில் நம் ஆண்டவர் கலிலேயாவில் போதித்த காலம் வரை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. இதற்கிடையில் அசீரியர், பாபிலோனியர், பாரசீகர், கிரேக்கர், உரோமையர் என்று எத்தனையோ பேரரசுகள் வந்து போயின. அரசர்கள் மாறினார்கள், ஆனால் கிராமத்துப் பெண்ணின் அன்றாட வேலை மிகக் கொஞ்சமே மாறியது.

அம்மக்களில் பெரும்பாலோர் நகரவாசிகள் அல்லர். சில நூறு பேரே வாழ்ந்த சிற்றூர்களில் உழுது பயிரிட்டு, ஆடு வளர்த்து வாழ்ந்தவர்கள். நாசரேத்தூரும் அப்படிப்பட்ட சிற்றூரே. 2009-ஆம் ஆண்டு அங்கே மங்களவார்த்தைப் பேராலயத்துக்கு அருகில் தொல்லியலார் அகழ்ந்தபோது இயேசுவின் காலத்தைச் சேர்ந்த ஒரு வீடு வெளிப்பட்டது. இரண்டு அறைகள், ஒரு முற்றம், மழைநீர் சேர்க்கப் பாறையில் குடைந்த ஒரு தொட்டி. அவ்வளவுதான்! மண்பாண்டத் துண்டுகளும், சுண்ணாம்புக் கல்லில் குடைந்த பாத்திரத் துண்டுகளும் கிடைத்தன. கல் பாத்திரத்தைத் தீட்டு அணுகாது என்பது யூதர்களின் நம்பிக்கை. கானாவூர்த் திருமணத்தில் ஆறு கற்சாடிகள் இருந்ததாக நற்செய்தியில் வாசிக்கிறோமே, அதன் பொருள் இப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவள் குடியிருந்த வீடு

பழைய ஏற்பாட்டுக் காலத்து வீடுகள் கரடுமுரடான கற்களாலும் மண்ணாலும் கட்டப்பட்டவை. கீழ்த்தளத்தில் ஆடு மாடுகளைக் கட்டுவார்கள். தானியக் குதிர்களும் எண்ணெய்ச் சாடிகளும் அங்கேயே இருக்கும். குடும்பத்தார் பெரும்பாலும் மேலே உறங்குவார்கள். கூரை தட்டையானது. மரக்கட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் சுள்ளிகளை அடுக்கி, களிமண் பூசி மெழுகியிருப்பார்கள். மழைக்குப் பின் மண் இளகாதபடி கல் உருளையை உருட்டி அதைக் கெட்டிப்படுத்த வேண்டும். திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு இறக்குவதற்கு நான்கு பேர் கூரையைப் பிரித்தது எப்படி என்று இனி நாம் கேட்க வேண்டியதில்லை.

அந்தக் கூரை ஒரு வேலைக்கூடமும் ஆகும். அத்திப்பழமும் திராட்சையும் அங்கே காயும். எரிகோ நகரில் இராகாபு என்ற பெண் ஒற்றர்களை ஒளித்து வைத்தது, கூரையில் காயப்போட்டிருந்த ஆளிச்செடித் தட்டைகளுக்கு அடியில்தான். பிள்ளைகள் தவறி விழாதபடி கூரையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது. சன்னல்கள் சிறியவை, ஆகவே பகலிலும் வீட்டினுள் இருட்டுத்தான். ஒலிவ எண்ணெய் ஊற்றிய சிறிய மண் அகல் விளக்கே வெளிச்சம். காணாமற்போன வெள்ளிக் காசைத் தேடிய பெண் விளக்கு ஏற்றி, வீட்டைப் பெருக்கித் தேடியதாக ஆண்டவர் சொன்ன உவமையில் ஒரு சொல்கூட வீண் அன்று.

விடியலும் திருகையும்

இப்போது சிஸ்டர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

அம்மக்களுக்கு அப்பமே உணவு. கோதுமை உள்ளவர்கள் கோதுமையையும், ஏழைகள் வாற்கோதுமையையும் உண்டார்கள். அரைத்த மாவு நெடுநாள் கெடாமல் இராது. ஆதலால் ஒவ்வொரு நாளும் அன்றன்றைக்கு அரைத்தாக வேண்டும். பழைய ஏற்பாட்டுக் காலத்தில் அரைக்கும் கருவி, நம் அம்மியை ஒத்த ஒரு நீண்ட கற்பலகையும், அதன்மேல் முன்னும் பின்னும் தள்ளும் ஒரு கைக்கல்லுமே. பெண் அதன் முன்னே மண்டியிட்டு, உடம்பின் பாரத்தையெல்லாம் கைகளில் கொடுத்துத் தள்ள வேண்டும். சுற்றி அரைக்கும் திருகைக்கல் பிற்காலத்தில்தான் வழக்கத்துக்கு வந்தது. அதுவும் இயேசு பிறப்பதற்கு இரண்டொரு நூற்றாண்டுகளுக்கு முன்புதான் பரவத் தொடங்கியது.

ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு மாவு அரைக்க நாள்தோறும் இரண்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள். இந்த உழைப்பு எலும்பிலேயே எழுதப்பட்டுவிடும். விவிலியக் காலத்துக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முந்தியது, சிரியாவிலுள்ள அபு உரேரா என்ற ஊர். அங்கே கிடைத்த பெண்களின் எலும்புக்கூடுகளில் கால்விரல், முழங்கால், முதுகின் கீழ்ப்பகுதி ஆகியவை தேய்ந்தும் உருமாறியும் இருந்தன. மண்டியிட்டு அரைத்து அரைத்தே அப்படியாயின என்று அறிஞர்கள் விளக்கினார்கள்.

இதைப் படித்த பிறகு, விடுமுறையில் என் பாட்டி வீட்டுத் திருகையில் ஒரு படி கேழ்வரகைத் திரித்துப் பார்த்தேன். பாதிகூட ஆகவில்லை, தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. பாட்டி, "தள்ளு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுப்பிவிட்டார். அந்நாளைய பெண்ணை அப்படி எழுப்பிவிட யார் இருந்தார்கள்?

அரைப்பது பெண்களின் வேலை, அதிலும் எளியவர்களின் வேலை என்றே கருதப்பட்டது. எகிப்து நாட்டில் மிகத் தாழ்ந்த நிலையில் இருப்பவளைக் குறிப்பிட, திருகைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் அடிமைப் பெண் என்கிறது விடுதலைப் பயண நூல். பெலிஸ்தியர் சிம்சோனைச் சிறைபிடித்ததும் அவனுக்குக் கொடுத்த வேலை மாவு அரைப்பதே. அவனை அவமானப்படுத்துவதற்கு அதைவிட வேறு வழி அவர்களுக்குத் தோன்றவில்லை!

ஆனாலும் அந்தக் கல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. தெபேசு நகரை அபிமெலக்கு முற்றுகையிட்டபோது, கோட்டையின் மேலிருந்த ஒரு பெண் அரவைக் கல்லின் மேற்கல்லைத் தூக்கி எறிந்தாள். அது அவன் மண்டையைப் பிளந்தது. பெண்ணின் கையால் இறந்தான் என்ற பேச்சு வரக்கூடாதென்று அவன் தன் பணியாளனை அழைத்துத் தன்னை வாளால் குத்தச் சொன்னான். ஆயினும் பலன் இல்லை. தாவீதின் படைத்தலைவன் யோவாபு பின்னாளில் அதை நினைவுபடுத்துகிறான். நாமும் இன்று படிக்கிறோம். அப்பெண்ணின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது.

தண்ணீரும் நெருப்பும்

அடுத்தது தண்ணீர். மழை ஆண்டில் பாதி நாள்தான். கோடையில் ஒரு துளியும் விழாது. வீட்டுத் தொட்டியில் சேர்த்த மழைநீர் தீர்ந்ததும் ஊர்க் கிணற்றுக்கோ ஊற்றுக்கோ போக வேண்டும். மாலை வெயில் தாழ்ந்த பின் பெண்கள் குடத்தோடு செல்வது வழக்கம் என்று தொடக்க நூல் சொல்கிறது. ரெபேக்கா அப்படி வந்தபோதுதான் ஆபிரகாமின் ஊழியர் அவளைக் கண்டார். அவருடைய பத்து ஒட்டகங்களுக்கும் அவள் தண்ணீர் இறைத்து ஊற்றினாள். நெடுந்தூரம் நடந்து தாகித்த ஒட்டகம் ஒரே வேளையில் நூறு லிட்டர் வரை குடிக்கக்கூடும். அவள் எத்தனை முறை கிணற்றுக்கும் தொட்டிக்கும் நடந்திருப்பாள் என்று எண்ணிப் பாருங்கள்! நாசரேத்தூரில் இன்றும் மரியாளின் கிணறு என்று ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். அந்தச் சிற்றூருக்கு நீர் கொடுத்த ஊற்றின் தண்ணீரே முன்னாளில் அங்கு வந்து சேர்ந்தது. ஆகவே மாதாவும் அந்த ஊற்றுக்குக் குடம் சுமந்து நடந்திருப்பார் என்று நம்ப இடமுண்டு.

அடுப்பு என்பது களிமண்ணால் செய்த உருளை வடிவமான சூளை. உள்ளே நெருப்பு மூட்டிச் சுவர் காய்ந்ததும், தட்டிய மாவை உட்சுவரில் ஒட்டிச் சுடுவார்கள். விறகு அரிது, காய்ந்த புல், முள், வறட்டி ஆகியவையே எரிபொருள். வயல்வெளிப் புல் நாளை அடுப்பில் போடப்படும் என்று ஆண்டவர் மலைப்பொழிவில் சொன்னது தம் வீட்டு முற்றத்தில் கண்ட காட்சியே. ஒரே அடுப்பைப் பல வீட்டார் பயன்படுத்துவதும் உண்டு. பஞ்ச காலத்தில் பத்துப் பெண்கள் ஒரே அடுப்பில் அப்பம் சுடும் நிலை வரும் என்று லேவியர் நூல் எச்சரிக்கிறது.

அப்பத்தோடு பருப்புக் கூழ், ஒலிவக் காய், அத்தி, ஆட்டுப்பால், தயிர், வெங்காயம் ஆகியவை சேரும். இறைச்சி திருவிழா நாளில்தான். பாலைத் தோல்பையில் ஊற்றி ஆட்டி வெண்ணெய் எடுப்பதும், திராட்சையையும் அத்தியையும் உலர்த்தி அடைகளாகத் தட்டி வைப்பதும் பெண்களே. தாவீதின் கோபத்தைத் தணிக்க அபிகாயில் எடுத்துச் சென்றவற்றைச் சாமுவேல் நூல் பட்டியலிடுகிறது: 200 அப்பம், 2 தோல்பை திராட்சை இரசம், 5 ஆடு, 5 மரக்கால் வறுத்த தானியம், 100 உலர்ந்த திராட்சைக் குலை, 200 அத்திப்பழ அடை. கணவன் நாபாலின் மூடத்தனத்தால் ஒரு குடும்பமே அழியவிருந்தது. பண்டகசாலையின் கணக்கு முழுவதும் தன் விரல் நுனியில் இருந்ததால் அல்லவா அவள் அதைக் காப்பாற்ற முடிந்தது!

வயலும் தறியும்

வீட்டு வேலையோடு அவள் பொழுது முடியவில்லை. 1908-ஆம் ஆண்டு கெசேர் என்ற ஊரில் ஒரு சிறிய சுண்ணாம்புக் கற்பலகை கிடைத்தது. கி.மு. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதில் ஓராண்டின் வேலைகள் குறிக்கப்பட்டுள்ளன. விளைச்சல் சேர்க்க இரண்டு மாதம், விதைக்க இரண்டு மாதம், பின்விதைப்புக்கு இரண்டு மாதம், ஆளிச்செடி அறுக்க ஒரு மாதம், வாற்கோதுமை அறுக்க ஒரு மாதம், கோதுமை அறுத்து அளக்க ஒரு மாதம், திராட்சைக்கு இரண்டு மாதம், கோடைக் கனிக்கு ஒரு மாதம். கூட்டினால் பன்னிரண்டு, ஓய்வு மாதம் என்று ஒன்றும் இல்லை!

உழவு ஆண்களுடையது. அறுவடையிலோ எல்லாக் கைகளும் வேண்டும். ரூத்தின் கதையில் போவாசின் வயலில் பெண்களும் வேலை செய்கிறார்கள். நிலத்தின் ஓரத்தை அறுக்காமலும், சிந்திய கதிரைப் பொறுக்காமலும் ஏழைகளுக்கும் அந்நியருக்கும் விட வேண்டும் என்பது கடவுளின் சட்டம். அந்தச் சட்டத்தால்தான் அந்நிய நாட்டு விதவையான ரூத்தும் அவள் மாமியார் நகோமியும் பிழைத்தார்கள்.

துணியும் கடையில் வாங்குவதன்று. ஆட்டு உரோமத்தையும் ஆளிச்செடி நாரையும் தக்ளியில் நூற்க வேண்டும். அகழ்ந்த வீடுகளில் தக்ளி வட்டுகளும், தறியில் பாவு நூலை இழுத்துப் பிடிக்கக் கட்டித் தொங்கவிடும் மண் குண்டுகளும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. பேசிக்கொண்டே, பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நூற்பது அவர்கள் வழக்கமாயிருக்கும். நீதிமொழிகள் நூலின் கடைசி அதிகாரம் போற்றும் இல்லாள் கம்பளியும் லினனும் நெய்கிறாள். கச்சைகள் செய்து வணிகருக்கு விற்கிறாள். தானே ஒரு வயலைப் பார்த்து வாங்குகிறாள். அன்னா தன் மகன் சாமுவேலுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறிய அங்கி தைத்துச் சீலோவுக்கு எடுத்துச் சென்றாள். இந்த வருடம் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று அவள் தனக்குள் அளந்து பார்த்திருக்க மாட்டாளா? யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே, அவள் தங்களுக்குச் செய்து தந்த உடைகளை இராயப்பரிடம் காட்டினார்கள். அவளுடைய புண்ணியத்துக்கு அதுவே சாட்சி.

தாய்மையின் பாரம்

பிற்கால யூதச் சட்டப்படி பன்னிரண்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு மணம் பேசலாம். எனக்கு வயது 15. அக்காலத்தில் பிறந்திருந்தால் நான் இந்நேரம் ஒருவருக்கு மண ஒப்பந்தமாகியிருப்பேன். ஒருவேளை கையில் ஒரு குழந்தையும் இருந்திருக்கும். இதை எழுதும்போதே என் கை நின்றுவிட்டது.

பேறுகாலம் உயிருக்கே ஆபத்தான நேரம். யாக்கோபின் அன்பு மனைவி இராகேல் பெத்லகேமுக்குப் போகும் வழியில் பிள்ளை பெற்று இறந்தாள். உதவிக்கு இருந்தவர்கள் மருத்துவச்சிகளே. எகிப்தில் பார்வோனின் கட்டளையை மீறி ஆண் குழந்தைகளைக் காப்பாற்றிய சிப்ரா, பூவா என்ற இருவரின் பெயரையும் விவிலியம் சொல்கிறது. அந்தப் பார்வோனின் பெயரைச் சொல்லவில்லை! பிறந்த குழந்தையைக் கழுவி, உப்புத் தேய்த்து, துணியால் சுற்றி வைப்பார்கள். தாய்ப்பால் மூன்று ஆண்டுகள் கொடுப்பது வழக்கம் என்பது மக்கபேயர் நூலில் ஏழு புதல்வரின் தாய் பேசும் இடத்திலிருந்து தெரிகிறது. ஆண் குழந்தை பிறந்தால் நாற்பது நாளும், பெண் குழந்தை பிறந்தால் எண்பது நாளும் கழித்துத் தாய் தூய்மைச் சடங்கு செய்ய வேண்டும். ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும் காணிக்கை. ஆட்டுக்கு வசதியில்லாத ஏழைகளுக்கு இரண்டு புறாக்கள் போதும். மாதா கோவிலுக்குக் கொண்டு சென்றது எது? ஏழைகளின் காணிக்கையே.

சட்டமும் கண்ணீரும்

அந்தப் பெண்களின் நிலை உயர்ந்ததா, தாழ்ந்ததா? ஒரே சொல்லில் விடை கூற முடியாது.

சொத்து மகன்களுக்கே உரியது. கணவன் மணவிலக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கலாம். மனைவிக்கு அந்த உரிமையைச் சட்டம் தரவில்லை. ஆயினும் செலொபுகாதின் புதல்வியர் மக்லா, நோகா, ஒக்லா, மில்கா, திர்சா ஐவரும் மோசேயின் முன் துணிந்து நின்று, ஆண் வாரிசு இல்லாத தங்கள் தந்தையின் பங்கைத் தங்களுக்குத் தர வேண்டுமென்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று ஆண்டவரே தீர்ப்பளித்தார். தெபோரா பேரீச்ச மரத்தடியில் அமர்ந்து வழக்குத் தீர்த்தாள். யோசியா அரசர் சட்ட நூலின் பொருளை அறிய ஆளனுப்பியது குல்தா என்ற இறைவாக்கினரிடம். கைநிறைய வேலை இருந்த இடத்தில் வாய்ச்சொல்லுக்கும் மதிப்பு இருந்தது.

ஆனால் ஏழைப் பெண்ணின் நிலை ஒரு மழை பொய்த்தால் மாறிவிடும். தானியம் இல்லையென்றால் கடன். கடன் தீராவிட்டால் பிள்ளைகள் அடிமை. எலிசா இறைவாக்கினரிடம் ஒரு விதவை வந்து, தன் இரண்டு மகன்களையும் கடன்காரன் பிடித்துப்போக வந்திருப்பதாகக் கதறினாள். அவள் வீட்டில் இருந்தது சிறிது எண்ணெய் மட்டுமே. கி.மு. 445-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நெகேமியாவின் முன் மக்களும் அவர்கள் மனைவியரும் கூடிப் பெருங்கூக்குரலிட்டார்கள். வயலையும் வீட்டையும் அடகு வைத்து, புதல்வியர் சிலரை அடிமைகளாகவே கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். நெகேமியா சினமுற்று, தலைவர்களை அழைத்து, பிடித்த நிலங்களைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

இந்த இடத்தில்தான் இணைச்சட்ட நூலின் 24-ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை என் கண்ணில் பட்டது. கடனுக்காகத் திருகையையோ அதன் மேற்கல்லையோ அடகாக எடுக்கக் கூடாது. அப்படி எடுப்பது ஓர் உயிரையே அடகாக எடுப்பதற்குச் சமம் என்கிறது அது. எவ்வளவு பெரிய வார்த்தை! பொன்னைப் பற்றியோ, கோவிலைப் பற்றியோ சொல்லவில்லை. முற்றத்து மூலையில் கிடக்கும் ஒரு கல்லைப் பற்றி, ஒரு பெண் மண்டியிட்டு அரைக்கும் கல்லைப் பற்றிச் சொல்கிறது. அவள் அரைத்தால்தான் அந்த வீடு வாழும் என்பதைக் கடவுளின் சட்டம் அறிந்திருந்தது.

எரேமியா இறைவாக்கினர் நாட்டின் அழிவைச் சொல்லும்போதும், திருகையின் ஓசையும் விளக்கின் ஒளியும் இல்லாமற்போகும் என்றே சொல்கிறார். திருகையின் ஓசை கேட்டால் ஊரில் உயிர் இருக்கிறது. கேட்கவில்லையென்றால் ஊர் செத்துவிட்டது.

கூடி வாழ்ந்தவர்கள்

இவ்வளவு பாரத்தையும் அவர்கள் எப்படித் தாங்கினார்கள்? தனியாகத் தாங்கவில்லை என்பதே விடை. சில அகழ்விடங்களில் ஒரே முற்றத்தில் பல அரவைக் கற்கள் கிடைத்துள்ளன. இரண்டு பெண்கள் சேர்ந்து அரைத்துக்கொண்டிருப்பதை நம் ஆண்டவரும் குறிப்பிடுகிறார். எலிசாவிடம் வந்த விதவைக்குப் பாத்திரங்கள் இரவல் தந்தவர்கள் அண்டை வீட்டாரே. ரூத்துக்குப் பிறந்த மகனுக்கு ஓபேது என்று பெயர் சூட்டியவர்கள் தெருப் பெண்களே. காசைக் கண்டுபிடித்தவளும் முதலில் தோழியரையும் அண்டை வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டுத்தான் மகிழ்கிறாள். சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பதும், வெற்றி நாளில் மேளம் கொட்டிப் பாடுவதும் பெண்களே. அந்தப் பாட்டைத் தாய் மகளுக்குக் கற்பித்தாள்.

வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வும் உண்டு. ஓய்வுநாளில் செய்யக் கூடாத வேலைகள் 39 என்று யூத அறிஞர்கள் வகுத்தார்கள், ஏறக்குறைய கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற நூலில் அப்பட்டியல் உள்ளது. அவற்றில் முதல் 11 வேலைகள் விதைப்பது முதல் அப்பம் சுடுவது வரை. அடுத்த 13 வேலைகள் உரோமம் கத்தரிப்பது முதல் உடை தைப்பது வரை. அரைத்தல், சலித்தல், பிசைதல், சுடுதல், நூற்றல், நெய்தல் எல்லாம் அதில் அடக்கம். இதைப் படித்தபோது நான் வியந்துபோனேன். ஓய்வுநாள் சட்டத்தை நான் வெறும் தடைகளின் பட்டியலாகவே நினைத்திருந்தேன். திருகையின் முன் மண்டியிட்டவளுக்கோ அது, "மகளே, இன்று எழுந்திரு" என்ற அழைப்பாக அல்லவா இருந்திருக்கும்! வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் அவள் விளக்கேற்றினாள். அடுத்த மாலை வரை அந்தக் கல் ஓய்ந்திருந்தது.

கண்டு சொன்னவர்

நம் ஆண்டவரின் போதனைகளை இந்தக் கண்ணோடு மறுபடியும் படித்தேன். மாவில் புளிப்பு மாவைப் பொதிந்து வைத்த பெண், பழைய உடையில் புதுத்துணியை ஒட்டுப்போடுவது, விளக்குத் தண்டு, உப்பு, பேறுகால வேதனையும் பின்வரும் மகிழ்ச்சியும், இரண்டு சிறு காசுகளைப் போட்ட விதவை. இவற்றையெல்லாம் அவர் எங்கே கற்றார்? முப்பது ஆண்டுகள் அந்தச் சிறிய வீட்டில், தம் தாயின் அருகில் அல்லவா! ஒரு பெண்ணின் உழைப்பை அருகிலிருந்து உற்றுப் பார்த்த ஒருவர்தான் அப்படிப் பேச முடியும்.

பெத்தானியா ஊர் மார்த்தாவைப் பற்றியும் இப்போது வேறுவிதமாக நினைக்கிறேன். முன்பெல்லாம் அவளை ஒரு முணுமுணுப்புக்காரி என்றே எண்ணியிருந்தேன். விருந்தினர் வந்தால் மாவு அரைக்க வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும். அவள் குறைப்பட்டதில் என்ன தவறு? ஆண்டவரும் அவளுடைய வேலை அற்பமானது என்று சொல்லவில்லை. பெயரை இரண்டு முறை அன்போடு அழைத்து, கவலையை விடச் சொன்னார். பெண்ணுக்கு வேலை செய்யும் உரிமை மட்டுமல்ல, அமர்ந்து கேட்கவும் கற்கவும் உரிமை உண்டு என்பதை அவள் தங்கை மரியாளின் மூலம் காட்டினார். இன்று வகுப்பறையில் அமர்ந்து கற்கும் நாம் ஒவ்வொருவரும் அந்த மரியாளின் இடத்தில் இருக்கிறோம்.

தோழியரே! நாம் இங்கே அமர்ந்து கற்கும்போது நமக்காக யாரோ ஒருவர் இன்னும் அரைத்துக்கொண்டுதான் இருக்கிறார். எனக்காக விடியுமுன் எழுபவர் என் அம்மா. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள் என்று இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் அவரிடம் கேட்டதில்லை. இக்கட்டுரையை எழுதி முடித்த இரவு கேட்டேன். அம்மா சிரித்துவிட்டு, "அதையெல்லாம் யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்?" என்றார்.

இனி நான் எண்ணுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலைச் சமையல் என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன். அம்மா பூசைக்கு முன்னதாகவே சென்று, அவசரமில்லாமல் செபமாலை சொல்லலாம்.

சிஸ்டர், உங்கள் கேள்விக்கு என் விடை இதோ: மாவு அரைத்தவர் மாதாதான். ஜெபம் செய்தவரும் அவரே. அந்த இரண்டுக்கும் அவருக்கு இருந்தவை அதே இரண்டு கரங்கள்தாம்.